கக்குவான் ஊசியும் குறைப்பிரசவமும்: சாட்ஸ்வொர்த்தில் ஒரு கர்ப்பிணியின் முடிவு

பின்னணி

இந்தக் குறிப்பில் வரும் பெண்ணுக்கு வயது 28. சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். கணவர் நாதஸ்வரக் கலைஞர்; டர்பனுக்குத் தென்மேற்கே சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயிலில் ஒப்பந்தப் பணி. 2024 தொடக்கத்தில் அவர் வந்தார். சில வாரங்களில் மனைவியும் மூத்த மகனும் வந்து சேர்ந்தார்கள். குடும்பத்தின் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவர்கள் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் எழுபதை நெருங்கும் ஓர் அம்மையார். 1860இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனில் கரைசேர்ந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழி வந்தவர். தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு அருமையாகப் பாடுவார், பேசுவதென்றால் ஆங்கிலம்தான். ஊரில் எல்லோருக்கும் அவர் ஆன்ட்டி. கர்ப்பிணிக்கு மசக்கை இருந்த மாதங்களில் சமைத்துப் போட்டவரும் மருத்துவமனைக்குக் காரில் அழைத்துப் போனவரும் அவரே. ஊசி வேண்டாம் என்று முதலில் சொன்னவரும் அவரே.

தென்னாப்பிரிக்காவில் 1994 முதல் அரசு மருத்துவ நிலையங்களில் கர்ப்பிணிகளுக்குச் சிகிச்சை இலவசம். கர்ப்பக் காலத்தில் எட்டு முறை வரச்சொல்கிறார்கள். செய்திகளைக் கைபேசிக்கே அனுப்பும் மாம்கனெக்ட் சேவை 2014இல் தொடங்கி 11 ஆட்சிமொழிகளில் நடக்கிறது. தமிழ் அவற்றில் இல்லை. அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவு மதித்துப் பேணவேண்டிய மொழிகள் என்று ஒரு பட்டியல் தருகிறது. அதில் தமிழின் பெயர் உண்டு. சட்டத்தில் கிடைத்த அந்த இடம் மருந்தறை வரைக்கும் இன்னும் வந்து சேரவில்லை. இந்தப் பெண் வந்த அரசு மருத்துவ நிலையத்தில் நான் குழந்தைகள் பிரிவுச் செவிலியர். தமிழ் மட்டும் தெரிந்த யாராவது வந்தால் கர்ப்பிணிகள் பிரிவிலிருந்து என்னைக் கூப்பிடுவார்கள்.

முதல் மறுப்பு: 26ஆம் வாரம்

ஆகஸ்ட் கடைசியில் அவர் 26ஆம் வார வருகைக்கு வந்தார். 2024 முதல் இங்கே கர்ப்பிணிகளுக்குப் பழைய டெட்டனஸ் ஊசிக்குப் பதிலாக டிடாப் ஊசி போடப்படுகிறது. டெட்டனஸ், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல் ஆகிய மூன்றுக்கும் ஒரே ஊசி. 26 முதல் 34 வாரத்துக்குள் போடவேண்டும். 2022, 2023 ஆண்டுகளில் நாட்டில் கக்குவான் மீண்டும் கூடியது. அதில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் கைக்குழந்தைகள். குழந்தைக்கு முதல் கக்குவான் ஊசி ஆறாவது வாரத்தில்தான். அதுவரை தாயின் உடலில் உருவாகி நஞ்சுக்கொடி வழியாகச் சேரும் எதிர்ப்பொருள்களே அதற்குக் காவல்.

அன்று இதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார்கள். அவர் தலையை ஆட்டினார்; ஊசியை எடுத்ததும் கையை இழுத்துக்கொண்டார். கர்ப்பப் பதிவேட்டில் ‘மறுத்தார்’ என்ற ஒரு சொல்லும் கையொப்பமும் பதிந்தன. ஏன் மறுத்தார் என்று ஒரு வரியும் இல்லை. அந்தப் பதிவேட்டை அடுத்துத் திறப்பவர் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

கேட்டறிந்தவை: 30ஆம் வாரம்

செப்டம்பர் கடைசி வாரத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். புரட்டாசி மாதம். சாட்ஸ்வொர்த்தில் பாதி வீடுகளில் புலால் இல்லாத காலம். கணவருக்குக் கோயிலில் ஓய்வில்லாத வேலை. அவருக்குப் பதிலாக ஆன்ட்டி வந்திருந்தார். அன்றைய சிறுநீர்ச் சோதனையில் தொற்று தெரிந்தது. அதற்கு மருந்து கொடுக்கப்பட்டது. இது பின்னால் முக்கியமாகப் போகிறது.

நான் ஊசியைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. “என்னவெல்லாம் கேள்விப்பட்டீர்கள்?” என்று மட்டும் கேட்டேன். ஆன்ட்டி கைபேசியை எடுத்து ஒரு குரல்பதிவை ஓடவிட்டார். இரண்டு நிமிட ஆங்கிலம்: டெட்டனஸ் ஊசியில் மலடாக்கும் மருந்து கலந்திருக்கிறது, கென்யாவில் பாதிரியார்களே கண்டுபிடித்துவிட்டார்கள். பதிவு முடிந்ததும், “இதில் முட்டையோ மாடோ இருக்கிறதா?” என்று தம் பங்குக்கு ஒரு கேள்வியும் சேர்த்தார். முட்டையில் வளர்க்கப்படுவது ஃப்ளூ காய்ச்சல் ஊசி. இது அந்த வகை இல்லை என்றேன். முட்டைச் சந்தேகம் மட்டும் அங்கேயே தீர்ந்தது.

கர்ப்பிணியின் அச்சம் வேறு இடத்தில் இருந்தது. அது வெளிவர நேரம் பிடித்தது. ஆன்ட்டி மருந்து வாங்க வரிசைக்குப் போன பிறகுதான் சொன்னார். 2021இல் மூத்தவனைச் சுமந்திருந்தபோது ஊரில் கோவிட் இரண்டாம் அலை. மே மாதத்தில் ஆரம்பச் சுகாதார நிலையத்தில், கர்ப்பிணிகள் கோவிட் ஊசி போடக்கூடாது என்றார்கள். ஜூலையில் அதே நிலையத்திலிருந்து ஆள் வந்து, போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். இந்திய அரசு கர்ப்பிணிகளுக்கு அனுமதி தந்தது 2021 ஜூலை 2 அன்று. ஆகவே இரண்டு முறையும் அவர்கள் அன்றைய விதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். கேட்டவருக்கு அது எப்படித் தெரியும்? ஆகஸ்டில் போட்டுக்கொண்டார். அக்டோபரில் மகன் 35ஆம் வாரத்திலேயே பிறந்தான். “என் மாமியார் அன்றைக்கே சொன்னார்கள் சிஸ்டர், ஊசிதான் பிள்ளையை வெளியே தள்ளிவிட்டது என்று. நான் யாரிடமும் சொல்லவில்லை.”

முந்தைய குறைப்பிரசவம் பதிவேட்டில் இருந்தது. அதற்கும் இந்த மறுப்புக்கும் உள்ள தொடர்பு எங்கும் இல்லை.

போகும்போது கணவர் அனுப்பியிருந்த ஒரு செய்தியின் படத்தையும் காட்டினார்: கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசிச் சோதனை குறைப்பிரசவங்களால் நிறுத்தப்பட்டது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

செவிலியர் குழுவில் இதைப் பற்றிப் பேசினோம். ‘கர்ப்பத்தில் தடுப்பூசி பாதுகாப்பானதா’ என்ற கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்வதில்லை என்று முதலில் முடிவு செய்தோம். ஆற்றைக் கடக்கலாமா என்று பொதுவாகக் கேட்பதுபோன்ற கேள்வி அது. எந்த ஆறு, எந்த மாதம், எந்தத் துறை என்று தெரியாமல் பதில் இல்லை. அந்தப் பெண்ணின் மனதில் மூன்று வேறு ஊசிகள் ஒன்றாகக் கிடந்தன: கென்யா வதந்தியின் டெட்டனஸ், 2021இன் கோவிட் ஊசி, செய்தியில் வந்த சோதனை ஊசி. நாங்கள் போடச்சொன்ன ஊசி இந்த மூன்றில் எதுவும் இல்லை. பிரித்துக் காட்டுவதே முதல் வேலை.

இன்னொரு முடிவு, பயமுறுத்துவதில்லை என்பது. கக்குவான் வந்த பச்சிளங்குழந்தை மூச்சுக்குத் திணறும் காணொளி எங்களிடம் இருக்கிறது. பலரை அது உடனே சம்மதிக்க வைத்துவிடும். ஏற்கெனவே ஒரு குற்ற உணர்ச்சியைச் சுமந்து வந்தவரிடம் இன்னொன்றைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. குழுவில் ஒருவர் இதை ஏற்கவில்லை. நேரம் குறைவு, 34 வாரம் தாண்டினால் ஊசிக்குக் குறித்த காலம் கடந்துவிடும் என்பது அவர் வாதம். அதுவும் நியாயம்தான்.

கணவரும் இருக்கும்போது, ஊரிலிருக்கும் மாமியாரும் கைபேசியில் இணையும்படி ஒரு நேரம் குறித்தோம்.

உரையாடல்: 32ஆம் வாரம்

ஒவ்வொரு அச்சத்திலும் உண்மையான பகுதி எது என்று முதலில் ஒப்புக்கொண்டுதான் பேசினேன். அப்படியொரு பகுதி ஒவ்வொன்றிலும் இருந்தது.

மலட்டு ஊசி வதந்தி வெறும் கற்பனையில் முளைத்ததன்று. கர்ப்பத்தைத் தக்கவைக்கும் எச்.சி.ஜி. ஹார்மோனுக்கு எதிராக ஒரு கருத்தடை ஊசியை புதுதில்லியில் ஜி.பி. தல்வார் தலைமையிலான விஞ்ஞானிகள் உருவாக்கி, பெண்களிடம் வெளிப்படையாகவே சோதித்து, 1994இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த ஹார்மோனை உடல் அடையாளம் காண்பதற்காக அதைச் செயலிழக்கச் செய்த டெட்டனஸ் நச்சோடு இணைத்திருந்தார்கள். இணைப்புப் பொருளாக டெட்டனஸ் இருந்தது என்ற இந்த ஒரு செய்தி, டெட்டனஸ் ஊசி எல்லாமே கருத்தடை ஊசி என்று திரிந்தது. 2014இல் கென்யாவின் கத்தோலிக்க ஆயர்கள் அந்தக் குற்றச்சாட்டை எழுப்பினார்கள். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் மறுத்தன.

ஆன்ட்டியின் சந்தேகத்துக்கு உள்ளூர்க் காரணமும் உண்டு. நிறவெறி அரசின் உயிரியல் ஆயுதத் திட்டத்தில் கறுப்பினத்தவரைக் குறிவைத்துக் கருத்தடைத் தடுப்பூசி ஆராய்ச்சி நடந்ததை 1998இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முன் விஞ்ஞானிகளே சொன்னார்கள். ஆன்ட்டி அதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர். “அன்றும் அவர்கள் வெள்ளை அங்கிதான் போட்டிருந்தார்கள்” என்றார். மறுக்க என்னிடம் எதுவுமில்லை.

முடிச்சை அவிழ்த்தது கர்ப்பிணிதான். “மூத்தவனைச் சுமந்தபோது ஊரில் இரண்டு டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டேனே ஆன்ட்டி” என்று சொல்லி, வயிற்றைத் தொட்டுக் காட்டினார். ஆன்ட்டி ஒரு நொடி விழித்துவிட்டுச் சிரித்துவிட்டார். அந்தக் குரல்பதிவு அதற்குப் பிறகு பேச்சில் வரவில்லை.

கணவரின் செய்தி உண்மையானது. ஆர்.எஸ்.வி. என்ற மூச்சுக்குழல் கிருமிக்கு எதிராக ஜி.எஸ்.கே. நிறுவனம் கர்ப்பிணிகளிடம் சோதித்த ஊசி 2022 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. ஊசி போட்டவர்களில் 6.8 விழுக்காட்டினருக்கும் மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களில் 4.9 விழுக்காட்டினருக்கும் குறைப்பிரசவம் ஆனது. அந்த வேறுபாடு ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் தெரிந்தது, காரணம் உறுதியாகவில்லை. அதே கிருமிக்கு ஃபைசர் நிறுவனம் செய்த வேறொரு ஊசியில் 5.7, 4.7 என்று சிறிய வேறுபாடு. அமெரிக்கா 2023இல் அதை அனுமதித்தபோது 32 முதல் 36 வாரத்துக்குள் மட்டும் போடலாம் என்று கட்டுப்படுத்தியது. சோதனையை நிறுத்தியது, யாரோ எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு அடையாளம் என்றேன். “அப்படியென்றால் இந்த ஊசிக்கும் எண்ணியிருக்கிறார்களா?” என்றார் கணவர். அன்று கேட்கப்பட்டவற்றில் மிகச் சரியான கேள்வி அதுதான்.

எண்ணியிருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 2010 முதல் 2012 வரை நடந்த 1,23,494 பிரசவங்களைப் பார்த்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. அவர்களில் 26,229 பேர் டிடாப் போட்டவர்கள். குறைப்பிரசவம் போட்டவர்களில் 6.3 விழுக்காடு, போடாதவர்களில் 7.8. இதை வைத்து ஊசி குறைப்பிரசவத்தைத் தடுக்கிறது என்று நான் சொல்லவில்லை. முன்கூட்டியே பிரசவித்தவர்களுக்கு ஊசி போட அவகாசமே இருந்திருக்காது, அதனால் கணக்கு ஒரு பக்கம் சாயும். அதைச் சரிசெய்து பார்த்தபோதும் ஊசியால் ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை. அதே ஆய்வில் பனிக்குடத் தொற்று 5.5இலிருந்து 6.1 விழுக்காடாகச் சற்றே கூடித் தெரிந்ததையும் சொன்னேன். இதை ஏன் சொன்னாய் என்று பிறகு ஒரு சக ஊழியர் கேட்டார். நான் மறைத்து, கணவர் இரவில் கைபேசியில் கண்டெடுத்தால், அதற்கு முன் சொன்ன எதையும் அவர் நம்பவேண்டியதில்லை.

பயன் பக்கத்தையும் சொன்னேன். பிரிட்டன் 2012இல் கர்ப்பிணிகளுக்குக் கக்குவான் ஊசியைத் தொடங்கியபின், மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைகளிடம் ஏறத்தாழ 90 விழுக்காடு பாதுகாப்பு பதிவானது. கர்ப்பத்தில் போடக்கூடாத ஊசிகளும் உண்டு, தட்டம்மை–ரூபெல்லா ஊசி அப்படிப்பட்டது என்று சொன்னதும் மாமியார் முதன்முறையாகப் பேசினார்: “அப்படியானால் எதையும் பார்க்காமல் போடுகிற ஆட்கள் இல்லை நீங்கள்.” ஆனாலும் அவர் சம்மதிக்கவில்லை. தம் காலத்தில் டி.டி. என்ற டெட்டனஸ் ஊசி போதுமானதாக இருந்தது, இருமலுக்கு எதற்கு ஊசி என்றார்.

மூத்தவன் குறைமாதத்தில் பிறந்ததற்குக் கோவிட் ஊசி காரணமா என்பதற்கு, அவர் ஒருவரின் விஷயத்தில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, பெரிய ஆய்வுகளில் அந்த ஊசியால் குறைப்பிரசவம் கூடவில்லை, கோவிட் நோயால்தான் கூடியது என்றேன். நான் கட்டாயமாகச் சொல்ல நினைத்து வந்த செய்தி அதற்கடுத்தது. ஒரு முறை குறைப்பிரசவம் ஆனவருக்கு மறுபடியும் ஆகும் வாய்ப்பு, ஊசி போட்டாலும் போடாவிட்டாலும், மற்றவர்களைவிட அதிகம். இப்போது சிறுநீர்த் தொற்றும் வந்திருக்கிறது. ஊசி போட்ட பிறகு குழந்தை முன்னதாகப் பிறந்தால் எல்லோரும் ஊசியைக் காட்டுவார்கள். அதையும் இப்போதே மனதில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள் என்றேன். நால்வரும் அமைதியானார்கள். அந்தப் பேச்சு அவரைப் பின்வாங்கச் செய்யும் என்றுதான் நினைத்தேன்.

ஊசி: 33ஆம் வாரம்

அக்டோபர் நடுவில் கணவரோடு வந்தார். பெட்டியிலிருந்த மருந்துக் குறிப்பைக் கேட்டு வாங்கினார். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்து, புரியாத இடங்களில் விரலை வைத்து என்னைப் பார்த்தார். காலாவதித் தேதியையும் குளிர்ப்பெட்டியின் வெப்ப அளவையும் சரிபார்த்தார். பிறகு இடது கையை நீட்டினார். அன்று இரவு கைவலி, மறுநாள் லேசான அசதி. வேறு எதுவும் இல்லை.

ஃப்ளூ ஊசியை அந்த முறை விட்டுவிட்டோம். சொவெட்டோவில் 2011, 2012இல் ஷபீர் மாதி குழுவினர் 2,116 கர்ப்பிணிகளிடம் நடத்திய சோதனையில் அது தாய்க்கும் சேய்க்கும் காய்ச்சலை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. ஆனால் இங்கே அந்தக் காய்ச்சல் மே முதல் செப்டம்பர் வரை. பருவம் முடிந்த பிறகு அதற்காக இன்னொரு சுற்றுப் பேச்சை இழுக்கவேண்டியதில்லை.

பிரசவமும் குற்றச்சாட்டும்

நவம்பர் முதல் வாரம், கந்த சஷ்டி நடக்கையில், 36ஆம் வாரத்தில் பனிக்குடம் உடைந்தது. கணவர் கோயிலில் வாசித்துக்கொண்டிருந்தார். ஆன்ட்டிதான் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். பெண் குழந்தை, 2.4 கிலோ. தானாக மூச்சு விட்டது. சில நாள் தாயின் நெஞ்சோடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பில் இருந்துவிட்டு வீடு திரும்பியது.

மாமியார் கைபேசியில் சொன்னது எதிர்பார்த்ததுதான். இரண்டு முறை ஊசி, இரண்டு முறையும் குறைமாதம். இதைவிட என்ன சான்று வேண்டும்? வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது பலமான வாதம்.

தடுப்பூசிக்குப் பின் ஏற்படும் பாதகத்தைப் பதியும் படிவத்தை நாங்களே நிரப்பி மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பினோம். ‘ஊசியால் இல்லை என்று தெரிந்தும் ஏன் அனுப்புகிறீர்கள்’ என்ற கேள்வி எழுந்தது. தெரியும் என்று முடிவு கட்டுவது எங்கள் வேலை இல்லை; அதற்குத்தான் தேசிய அளவில் நிபுணர் குழு இருக்கிறது. எல்லா நிலையங்களும் ‘தெரியும்’ என்று விட்டுவிட்டால் எண்ணுவதற்கே எதுவும் இருக்காது. படிவத்தின் படியைக் கணவரிடம் கொடுத்தேன். மூன்று வாரத்துக்கு முன் போட்ட ஊசி, முந்தைய குறைப்பிரசவம், சிறுநீர்த் தொற்று என எல்லாம் அதில் ஒரே பக்கத்தில் இருந்தன. அவர் அதை ஊருக்குப் படமெடுத்து அனுப்பினார்.

மாதங்கள் கழித்து வந்த பதில்: காலத்தால் ஒன்றியது, காரணத்தால் தொடர்புடையதன்று.

பின்தொடர்தல்

குழந்தைக்கு ஆறாம் வார ஊசிக்கு ஏழாம் வாரம் வந்தார்கள். தாயிடம் பழைய தயக்கம் இல்லை. கேள்விகள் இருந்தன, அவை எந்த ஊசி, எதற்கு, எப்போது என்று தனித்தனியாக வந்தன. குழந்தைக்குக் கக்குவான் வரவில்லை. இதை வெற்றியாக எழுத எனக்கு விருப்பமில்லை. ஊசி போடாத பெரும்பாலான தாய்மாரின் குழந்தைகளுக்கும் அது வருவதில்லை. ஒரு குழந்தையை வைத்து மாமியார் ஊசியைக் குற்றம் சொல்ல முடியாதென்றால், அதே ஒரு குழந்தையை வைத்து நான் ஊசியைப் புகழவும் முடியாது.

மாமியாரின் கருத்து மாறவில்லை. ஆன்ட்டி அந்தக் குரல்பதிவை அனுப்பியவருக்கே பதில் பதிவு ஒன்று அனுப்பினாராம். என்ன சொன்னார் என்று என்னிடம் சொல்லவில்லை.

மாற்றிக்கொண்டவை

பதிவேட்டில் ‘மறுத்தார்’ என்று மட்டும் எழுதும் வழக்கத்தை எங்கள் நிலையத்தில் நிறுத்திவிட்டோம். எந்த ஊசியை, என்ன காரணம் சொல்லி என்ற இரண்டும் இருக்கவேண்டும். காரணம் சொல்ல மறுத்தால் அதையும் எழுதவேண்டும். முந்தைய குறைப்பிரசவம் உள்ளவர்களிடம் ஊசியைப் பற்றி 20ஆம் வாரத்திலேயே பேசத் தொடங்குகிறோம். இந்தப் பெண் 26ஆம் வாரத்தில் போட்டிருந்தால் எதிர்ப்பொருள்கள் சேயைச் சேர பத்து வாரம் கிடைத்திருக்கும். கிடைத்தது மூன்று வாரம். குழந்தை இன்னும் இரண்டு வாரம் முந்தியிருந்தால் அத்தனை பேச்சும் பெரும்பாலும் வீண்.

மறுபடியும் குறைப்பிரசவம் ஆகக்கூடும் என்று முன்கூட்டியே சொல்வதை மட்டும் எல்லோருக்கும் விதியாக்கவில்லை. அது குறித்து எங்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. பிரசவத்துக்குப் பிறகு அந்தத் தாயிடம் கேட்டேன். அன்று அதைக் கேட்டுவிட்டு இரண்டு இரவு தூங்கவில்லை என்றார். பனிக்குடம் உடைந்த அன்று அந்தப் பேச்சு நினைவுக்கு வந்ததாகவும், அதனால்தான் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ளவில்லை என்றும் சொன்னார்.

ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பும் இப்போது இருக்கிறது: எந்த ஊசி, எந்த வாரம், என்ன தெரியும், எதைப் போடக்கூடாது. அதை முதலில் படித்துப் பார்த்துத் திருத்தியவர் அந்தப் பெண்தான். ‘பாதுகாப்பானது’ என்று நான் எழுதியிருந்த இரண்டு இடங்களில் ஒன்றை அடித்துவிட்டு, குறைப்பிரசவ எண்களை அங்கே போடச்சொன்னார்.